பள்ளிப் பிள்ளைகள் உங்கள் ஆய்வகத்துக்குள் வரும்போது: ஆய்வுக்குழுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேராசிரியர்களுக்கும் ஆய்வுக்குழுத் தலைவர்களுக்கும் பாதுகாப்புக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றின் அன்றாடப் பொறுப்பைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறவள் நான். சாவிக்கொத்து, கழிவு கேன்கள், வாயு சிலிண்டர்கள், கண் கழுவும் குழாய் எல்லாம் என் கணக்கில் வருகிறவை. விடுமுறை தொடங்கினால் பள்ளிப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். 15, 16, 17 வயது. அறிவியல் போட்டிக்கு ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டும் என்று சிலர் வருவார்கள். விடுமுறைப் பயிற்சி என்று முறையாக விண்ணப்பித்துச் சிலர். இன்னும் சிலரை, "நம்ம டிபார்ட்மெண்ட்காரர் பையன், ரெண்டு வாரம் சும்மா பார்க்கட்டும்" என்று யாராவது கூட்டிவந்து விட்டுப் போவார்கள். இந்தக் கடைசி வகைப் பிள்ளைகளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இந்த மடலை எழுதவைத்தது ஒரு கையுறை.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மாலை, கழிவுப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். நீல நிற நைட்ரைல் கையுறை ஒன்று பாதி உள்பக்கம் வெளியாகப் புரண்டு மேலே கிடந்தது. ஆள்காட்டி விரல் பகுதிக்குள் ரத்தம். வெளியே ஒரு துளி இல்லை, முழுக்க உள்ளே. கூடவே மடித்த டிஷ்யூ தாள் ஒன்று விரல் வடிவத்திலேயே காய்ந்து ஒட்டியிருந்தது. அளவு 'எம்'. அன்று அந்த மேசையில் வேலை பார்த்தவள் 16 வயதுப் பெண் ஒருத்தி. அவள் கைக்கு 'எக்ஸ்எஸ்' வேண்டும், அதை நாங்கள் வாங்கி வைப்பதே இல்லை.

மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். கண்ணாடிப் பிப்பெட்டின் நுனி உடைந்து விரலில் குத்தியிருக்கிறது. தளர்ந்த கையுறையில் நுனி சிக்கியதுதான் காரணம். டிஷ்யூவைச் சுற்றி, மேலே புதுக் கையுறை போட்டுக்கொண்டு மிச்ச வேலையை முடித்திருக்கிறாள். அந்த மேசையில் அன்று இருந்தது, புரதம் போன்றவற்றைப் பிரித்துப் பார்க்கப் பயன்படும் ஜெல்லை ஊற்றுவதற்கான அக்ரிலமைடு கரைசல். உறைந்து ஜெல்லான பிறகு பெரிய தொந்தரவு இல்லை. உறைவதற்கு முன்பு அது நரம்பு மண்டலத்தைப் பாதிக்கிற நஞ்சு, தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். வெட்டுக்காயம் வழியாகப் போவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"அந்த அண்ணா அவசரத்துல இருந்தாங்க மேடம். அப்புறம்… சொன்னா நாளைலேர்ந்து வரவேண்டாம்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

அவள் விரல் ஆறிவிட்டது. வேறு பாதிப்பு எதுவும் வரவில்லை. ஆனால் அந்தப் பதில் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அவளுக்கு விதி தெரியாமல் இல்லை. முதல் நாள் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள், காயம் பட்டால் உடனே சொல்ல வேண்டும் என்ற தாளில் கையெழுத்தும் போட்டிருந்தாள். தெரிந்தும் அவளால் சொல்ல முடியவில்லை.

நான் உங்களிடம் கேட்க வந்தது இதைப் பற்றித்தான். நம் பாதுகாப்பு விதிகள் எல்லாமே, எதிரில் நிற்பவருக்கு "இது எனக்குச் சரியாகப் படவில்லை, நான் செய்ய மாட்டேன்" என்று சொல்லும் தெம்பு இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. ஆராய்ச்சி மாணவர்களுக்கே அந்தத் தெம்பு குறைவு. பரிந்துரைக் கடிதம் ஒன்றை நம்பி வந்திருக்கும் பள்ளிப் பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும்? ஆய்வகத்தில் நிற்கக் கிடைத்ததையே பெரிய பாக்கியமாக நினைக்கிற வயது அது. நீங்கள் எதைக் கொடுத்தாலும் "சரி சார்" என்றுதான் சொல்லும். அந்தப் பிள்ளை சொல்ல முடியாத "முடியாது"வை அதற்காக விதி சொல்ல வேண்டும், அதுவும் பிள்ளை உள்ளே நுழைவதற்கு முன்பே.

இந்தப் பிள்ளைகள் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கை, ஆபத்தான வேலைக்குக் குறைந்தபட்ச வயது 18 என்கிறது. போதுமான பயிற்சியும் பாதுகாப்பும் இருந்தால் 16இலிருந்து அனுமதிக்கலாம் என்று ஒரு வழியும் விட்டிருக்கிறது. 1999இல் வந்த இன்னொரு உடன்படிக்கை, சிறுவர்களின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் கேடு தரும் வேலைகளைக் கொடிய குழந்தைத் தொழில் வடிவங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அந்த அமைப்பின் உறுப்பு நாடுகள் அத்தனையும் அதை ஏற்றுக்கொண்டது 2020இல். ஆனால் முதல் உடன்படிக்கையிலேயே, பள்ளிகளிலும் பயிற்சி நிறுவனங்களிலும் கல்விக்காகச் செய்யும் வேலைக்கு விலக்கு இருக்கிறது. நியாயமான விலக்குதான், அது இல்லாவிட்டால் எந்தப் பள்ளியிலும் வேதியியல் செய்முறை வகுப்பே நடத்த முடியாது. ஆனால் பள்ளி ஆய்வகம் பிள்ளைகளுக்காகவே கட்டப்பட்டது. அங்கே என்ன அமிலம், எந்தச் செறிவு, எத்தனை மில்லி என்று யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழக ஆய்வகத்தை அப்படி யாரும் கட்டவில்லை. சம்பளம் இல்லாததால் அங்கே அந்தப் பிள்ளை தொழிலாளி இல்லை. சேர்க்கை எண் இல்லாததால் மாணவரும் இல்லை. பள்ளியின் பொறுப்பு பள்ளி வாசலோடு முடிகிறது, பல்கலைக்கழகத்தின் விதிகளோ 18 தாண்டியவர்களை மனத்தில் வைத்து எழுதியவை. இடையில் இருக்கும் பள்ளத்தில் ஒரு பெற்றோர் கையெழுத்தை மட்டும் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

பெரியவர்களுக்கே இந்த இடங்களில் என்ன நடந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் நினைவுபடுத்துகிறேன். 2008 டிசம்பர் 29 அன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை ஊசிக்குழாயில் எடுத்துக்கொண்டிருந்தார். காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் பொருள் அது. ஊசிக்குழாயின் தண்டு கழன்று வந்தது. லேப் கோட் போட்டிருக்கவில்லை, உடம்பில் இருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். 18 நாள் கழித்து இறந்துபோனார். 2011 ஏப்ரலில் யேல் பல்கலைக்கழகத்தில், பட்டப்படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த 22 வயது மாணவி ஒருவர் இரவில் பணிமனையில் தனியாக வேலை செய்தபோது, சுழன்றுகொண்டிருந்த கடைசல் இயந்திரத்தில் தலைமுடி சிக்கி இறந்தார். 2010 ஜனவரியில் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் வெடிக்கும் தன்மையுள்ள சேர்மம் ஒன்றைக் கையாண்ட ஆராய்ச்சி மாணவர் மூன்று விரல்களை இழந்தார். 100 மில்லிகிராமுக்கு மேல் தயாரிக்கக் கூடாது என்ற வரம்பு அங்கே வாய்வார்த்தையாகத்தான் இருந்தது. அன்று தயாரித்திருந்தது ஏறக்குறைய 10 கிராம்.

இவர்கள் யாரும் சிறார் இல்லை. எல்லோரும் படித்தவர்கள், வயது வந்தவர்கள். அதனால்தான் இவர்களைச் சொல்கிறேன். தனியாக இருந்தது, வாய்வார்த்தையாகச் சொன்னது, கோட் போடாததை யாரும் கேட்காதது: இந்த மூன்றும் நம் ஒவ்வொருவர் ஆய்வகத்திலும் இன்று மதியம்கூட நடந்திருக்கும். அதற்குள்தான் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம்.

அனுபவம் இருந்தால் போதும் என்று சொல்பவர்களுக்காகக் கேரன் வெட்டர்ஹானையும் சொல்ல வேண்டும். டார்ட்மத் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர், நச்சு உலோகங்களைப் பற்றியே ஆராய்ச்சி செய்தவர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் பாதரசம் என்ற கொடிய நச்சுத் திரவம் சில துளி அவருடைய லேட்டெக்ஸ் கையுறை மேல் விழுந்தது. அவர் அப்போது தெரிந்திருந்த எச்சரிக்கைகளை மீறவில்லை. அந்தத் திரவம் அந்த வகைக் கையுறையைச் சில விநாடிகளில் ஊடுருவிவிடும் என்பது அப்புறம் சோதித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பல மாதம் கழித்தே அறிகுறி வந்தது. 1997 ஜூனில் இறந்துபோனார். "கையுறை போட்டிருக்கிறாய் அல்லவா, பயப்படாதே" என்று பிள்ளைகளிடம் சொல்வதை நான் அதற்கப்புறம் விட்டுவிட்டேன். எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை, எத்தனை நிமிடம் தாங்கும் என்று பாதுகாப்புத் தரவுத்தாளைப் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பொருளை அந்தப் பிள்ளையிடம் கொடுப்பதே இல்லை.

உடம்பும் வேறு. வேலையிடக் காற்றில் ஒரு கரைப்பானின் ஆவி இவ்வளவு வரை இருக்கலாம் என்ற வரம்புகளை, ஆரோக்கியமான வயது வந்த தொழிலாளி நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்வதாக வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். வளர்ந்துகொண்டிருக்கும் உடம்புக்கென்று அதில் தனிக்கணக்கு இல்லை. கதிரியக்கத் துறை மட்டும் இதைத் தெளிவாகச் செய்திருக்கிறது. சர்வதேச அணுசக்தி முகமையின் தரநிலையில் 16 வயதுக்குக் கீழே யாரையும் கதிர்வீச்சு வேலையில் வைக்கவே கூடாது. 16 முதல் 18 வரை பயிற்சிக்காக மட்டும், அதுவும் மேற்பார்வையில், வருடத்துக்கு 6 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை. வயது வந்த பணியாளருக்கு அந்த வரம்பு ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20. எவ்வளவு எளிமையாக இருக்கிறது பாருங்கள்! வயது, அளவு, நோக்கம், மூன்றையும் எழுதிவிட்டார்கள். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்துக்கு நம்மால் அப்படி எழுத முடியாதா? நீர்த்த நிலையில் அந்த அமிலம் தோலில் பட்டால் உடனே வலிகூடத் தெரியாமல் போகலாம். உள்ளே போய்க் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, மணிக்கணக்குக் கழித்துத்தான் வேலையைக் காட்டும். வலிக்காத ஒன்றைப் பற்றி, ரத்தம் வந்ததையே சொல்லாத பிள்ளை சொல்லுமா?

ஆகவே முதல் கோரிக்கை: சில பொருள்களும் கருவிகளும் 18 வயதுக்குக் கீழே கிடையாது என்று எழுத்தில் போடுங்கள். மேற்பார்வையோடு பரவாயில்லை என்ற தொங்கல் வேண்டாம். என் பட்டியலில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம், காற்றில் பற்றும் பொருள்கள், வெடிக்கக்கூடிய சேர்மங்கள், கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த பிரானா கரைசல், கண்ணையும் தோலையும் சுட்டுவிடக்கூடிய வகுப்பு 4 லேசர், நோய்க்கிருமிகளைக் கையாளும் இரண்டாம் நிலை உயிரியல் பாதுகாப்புக்கு மேற்பட்ட அறைகள், தனியாக இயக்கும் கடைசல் இயந்திரம் இவை இருக்கின்றன. திரவ நைட்ரஜனையும் சேர்ப்பேன். மைனஸ் 196 டிகிரி குளிருக்காக மட்டும் இல்லை. அது ஆவியானால் ஏறக்குறைய 700 மடங்கு விரியும், சின்ன அறையில் ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும், மூச்சுத் திணறுகிறது என்று தெரியும் முன்பே ஆள் மயங்கிவிடலாம். கொட்டும்போது எழுகிற வெண்புகை பிள்ளைகளுக்கு வேடிக்கை. தூரத்தில் நின்று பார்க்கட்டும், பாத்திரத்தைத் தூக்க வேண்டாம். உங்கள் துறைக்கு உங்கள் பட்டியல் வேறாக இருக்கும். இருக்கட்டும், ஆனால் எழுதிய பட்டியலாக இருக்கட்டும்.

இரண்டாவது, ஆள். "ஆராய்ச்சி மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லிவிடுகிறோம். எந்த ஆராய்ச்சி மாணவர்? கட்டுரை சமர்ப்பிக்க மூன்று நாள் இருக்கும் ஒருவரிடம், "தம்பியைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று ஒப்படைத்தால் யாரையும் யாரும் பார்க்க முடியாது. நான் மேலே சொன்ன பெண்ணின் "அந்த அண்ணா"வும் கெட்டவர் இல்லை. அவருக்கு அன்று மூன்று ஜெல் ஓட வேண்டியிருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது தன் வேலை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அதற்கென்று அவர் நேரத்தை யாரும் ஒதுக்கித் தரவும் இல்லை. பொறுப்பாளர் ஒருவர் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும். அவர் இல்லாத நாளில் யார் என்பதும் இருக்க வேண்டும். இருவருமே இல்லையென்றால் அன்று பிள்ளைக்கு விடுமுறை. மாலை வேலை நேரம் முடிந்தால் கிளம்பிவிட வேண்டும், பரிசோதனை பாதியில் நின்றாலும் சரி. பார்ப்பது என்றால் ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்தில். பக்கத்து அறையில் இருந்துகொண்டு கதவு வழியாகக் குரல் கொடுப்பது கணக்கில் வராது.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயத்தைச் சொல்லத் தயங்குகிறோம், நான் சொல்லிவிடுகிறேன். மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் இருக்கக் கூடாது. நுண்ணோக்கி இருக்கும் இருட்டறை, குளிர் அறை, செல் வளர்ப்பு அறை எல்லாம் நம் வேலைக்கு அவசியமானவைதான். அங்கே போனால் மூன்றாவது ஆள் கூட இருக்க வேண்டும், இல்லையென்றால் கதவு திறந்திருக்க வேண்டும். யார் மேலும் சந்தேகப்பட்டு இதைக் கேட்கவில்லை. தன் மேல் அதிகாரம் உள்ளவரைப் பற்றிப் புகார் சொல்வது, விரலில் குத்தியதைச் சொல்வதைவிட எத்தனையோ மடங்கு கஷ்டம். அந்த நிலைமைக்கே பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாது.

பெற்றோர் சம்மதக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை பல்கலைக்கழகத்தைக் காப்பாற்ற எழுதப்பட்டவை. "எது நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. தன் மகள் எந்தப் பொருளைத் தொடப்போகிறாள் என்று அதைப் படிக்கிற அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளை செய்யப்போகும் வேலை, அதில் உள்ள ஆபத்து, பொறுப்பாளர் பெயர், அவரைக் கூப்பிட வேண்டிய எண், இவற்றை வீட்டில் பேசும் மொழியில் எழுதிக் கொடுங்கள். பதிலுக்கு அவர்களிடமும் கேளுங்கள்: ஆஸ்துமா உண்டா, ஒவ்வாமை உண்டா? எலிகளும் முயல்களும் இருக்கும் அறையில் இது சாதாரணக் கேள்வி இல்லை. ஆய்வக விலங்குகளின் முடியும் சிறுநீரும் தூண்டும் ஒவ்வாமை, வருடக்கணக்கில் அங்கே வேலை செய்கிறவர்களுக்கே ஆஸ்துமாவாக மாறியிருக்கிறது. விலங்குகளைக் கொல்வதைப் பார்க்க விருப்பமா என்றும் பிள்ளையிடமே தனியாகக் கேட்டுவிடுங்கள். ஒரு பையன் அன்று முழுக்கச் சாப்பிடாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சின்ன அளவுக் கையுறையும், முழங்கை வரை மடிக்கத் தேவையில்லாத கோட்டும், மூக்கிலிருந்து வழுகாத பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கிவையுங்கள். இதற்கு விவாதமே வேண்டாம். பெரிய கோட்டின் தொங்கும் கை பீக்கரைத் தட்டிவிடும், பர்னர் தீயில் படும். பிள்ளைக்குப் பொருந்துகிற அளவு நம்மிடம் இல்லையென்றால் பிள்ளையும் இன்னும் வர வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "இவ்வளவு தலைவலி எதற்கு, 18க்குக் கீழே யாரும் உள்ளே வரக் கூடாது என்று பலகை மாட்டிவிடலாம்" என்று சிலருக்குத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தப் பலகை மாட்டிய இடங்களிலும் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகள் பின்வாசல் வழியாக வந்துகொண்டுதான் இருப்பார்கள். முன்வாசலில் விண்ணப்பத்தோடு நிற்கிற, யாரையும் தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் கதவு மூடும். முதல்முறை நுண்ணோக்கியில் தன் கன்னத்துச் செல்லையே பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்த முகங்கள் என் நினைவில் இருக்கின்றன. அவர்களுக்குச் செய்யக் கொடுக்க எவ்வளவோ பாதுகாப்பான வேலை இருக்கிறது. ஈஸ்ட் வளர்க்கலாம், நோய் உண்டாக்காத நுண்ணுயிரிகளோடு வேலை செய்யலாம், தரவுகளை அலசலாம், நுண்ணோக்கிப் படங்களை எண்ணலாம், மாதிரிகளைக் கட்டலாம், நிரல் எழுதலாம். இவற்றைத் துடைக்கிற வேலை, கழுவுகிற வேலை என்று தள்ளிவிடாமல், உங்கள் ஆராய்ச்சியின் உண்மையான ஒரு கேள்வியோடு இணைத்துக் கொடுங்கள். ஆபத்தான வேலையைக் கொடுத்தால்தான் பிள்ளைக்கு மதிப்பு கொடுத்ததாக ஆகும் என்ற எண்ணம் நம்மிடையே எப்படியோ புகுந்துவிட்டது.

கடைசியாக, அந்தக் கையுறைக்கு வருகிறேன். அதற்கப்புறம் எங்கள் ஆய்வகத்தில் ஒன்றை மாற்றினோம். முதல் நாள் வகுப்பில் விதிகளைப் படித்துக் காட்டுவதற்கு முன்பு, ஆய்வுக்குழுத் தலைவரே வந்து பிள்ளைகள் முன் நின்று, தான் மாணவராக இருந்தபோது உடைத்தது, சிந்தியது, மறைத்தது எல்லாவற்றையும் சொல்கிறார். பிறகு, "காயம் பட்டதைச் சொன்னதற்காக இங்கே யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்" என்று அவர் வாயாலேயே சொல்கிறார். நான் சொன்னால் அது பத்தோடு பதினொன்று, அவர் சொன்னால் பிள்ளைகள் நம்புகிறார்கள். அந்த விடுமுறையில் மட்டும் நான்கு சின்னச் சம்பவங்கள் என் நோட்டில் ஏறின: உடைந்த சோதனைக்குழாய், கண்ணோரம் தெறித்த எத்தனால், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கருவியின் தட்டில் பட்ட சூடு, பெயர் ஒட்டாத ஒரு பாட்டிலைப் பற்றிய கேள்வி. முந்தைய வருடங்களில் அந்தப் பக்கம் காலியாக இருந்தது. அந்தக் காலிப் பக்கத்தைப் பார்த்துத்தான் நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த விடுமுறைத் தொகுதி வருவதற்குள் உங்கள் துறையின் தடைப்பட்டியலும் பொறுப்பாளர் பெயர்களும் எழுத்தில் வந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் பயன்படுத்தும் ஒரு பக்கப் படிவத்தை யார் கேட்டாலும் தருகிறேன், உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். அதில் பொறுப்பாளர் பெயருக்கான கட்டம் பிள்ளையின் பெயருக்கு மேலே இருக்கும். அது காலியாக இருந்தால் நான் சாவி தருவதில்லை.

அன்புடன்,
ஓர் ஆய்வகப் பொறுப்பாளர்